தளக்கல் பட்டறைக்கும் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் ஒரே ஆலோசகர் போதுமா?

கேட்டிருப்பது இது: "காரைக்குடி பக்கம் ஆத்தங்குடிக் கல் பட்டறை நடத்துகிறோம். நான் இரண்டாம் தலைமுறை. ஆர்டர் பிடித்த நாளிலிருந்து லாரி ஏற்றுவதற்குள் ஒன்றரை மாதம் ஓடிவிடுகிறது. சென்னையிலிருந்து வந்த ஓர் ஆலோசகர், 'உங்கள் பிராசஸை மறுவடிவமைப்புச் செய்து பாதியாக்கித் தருகிறேன்' என்கிறார். என் மைத்துனர் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் மேலாளர். அங்கேயும் இதே பேச்சு அடிபடுகிறது. இது உண்மையில் என்ன வேலை? அரசுக்கும் தனியாருக்கும் ஒன்றுதானா? பணம் கொடுக்கலாமா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்கலாம். ஆனால் மொத்தமாகப் பேசி மொத்தமாகக் கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் மீதி எல்லாம். இருபத்தைந்து வருடம் இதே தொழிலில் அலைந்துவிட்டு இப்போது தேவகோட்டையில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் நான். சக தொழில்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் காரமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேலை தொடங்கி முடிகிற வரைக்கும் அந்தக் காகிதமோ பொருளோ யார் யார் கைக்குப் போகிறது, எங்கே எத்தனை நாள் கிடக்கிறது என்று பின்தொடர்ந்து பார்த்து, தேவையில்லாத கைகளை எடுத்துவிட்டுப் பாதையையே புதிதாகப் போடுவதுதான் இந்த வேலை. பழைய பாதையை அப்படியே வைத்துக்கொண்டு அதன் தலையில் சாப்ட்வேரைக் கட்டுவது வேறு. அதற்கும் இதே பெயரைச் சொல்லி பில் போடுகிறார்கள்.

இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர்களில் முக்கியமானவர் மைக்கேல் ஹாமர். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். 1990-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் வருகிற போர்டு கம்பெனிக் கதையை ஆலோசகர்கள் எல்லோரும் சொல்வார்கள்; உங்களிடம் வந்தவரும் சொல்லியிருப்பார். சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். சரக்கு சப்ளை செய்தவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில் மட்டும் வட அமெரிக்காவில் போர்டுக்கு 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கம்ப்யூட்டர் போட்டு 20 சதவீதம் ஆட்களைக் குறைக்கலாம் என்று முதலில் கணக்குப் போட்டார்கள். அப்புறம் மாஸ்டாவில் போய்ப் பார்த்தால் அதே வேலைக்கு அங்கே ஐந்தே பேர். மாஸ்டா சின்ன கம்பெனிதான், அதற்காக இப்படியா?

போர்டு ஆட்கள் நாள் முழுக்க என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றால், கொள்முதல் ஆர்டர், சரக்கு வந்த சீட்டு, சப்ளையர் அனுப்பிய இன்வாய்ஸ் என்று மூன்று தாள்களை வைத்துக்கொண்டு 14 விவரம் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொருந்தாதவைதான் பெரும்பாடு. மாற்றம் என்னவென்றால், இன்வாய்ஸையே ஒழித்துவிட்டார்கள். ஆர்டர் கம்ப்யூட்டரில் இருக்கும். சரக்கு வந்து இறங்கும் இடத்திலேயே ஆர்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் இறக்கிக்கொள்வார்கள், பணம் தானாகப் போகும். இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பார்க்க வேண்டிய விவரம் மூன்றாகச் சுருங்கியது. பட்டுவாடா வேலைக்கான ஆட்கள் 75 சதவீதம் குறைந்தார்கள். ஒப்பிடும் வேலையை வேகமாகச் செய்ய வழி தேடியிருந்தால் 20 சதவீதத்தோடு நின்றிருப்பார்கள். ஒப்பிடவே வேண்டாதபடி செய்தார்கள்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் ஊர்க்காரர்கள் கண் எதிரிலேயே ஒரு மறுவடிவமைப்பு நடந்தது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அந்தக் காலத்திலிருந்து வெகு நாள் வரை எந்த பாங்கிலும் பணம் எடுக்கிற முறை ஒன்றுதான். சின்ன வயசில் அப்பச்சியோடு போன ஞாபகம் இருக்கிறது. செக்கைக் கொடுத்தால் பித்தளை டோக்கன் தருவார்கள். செக் உள்ளே போய்ப் பேரேட்டில் ஏறும். ஆபீசர் கையெழுத்தைச் சரிபார்த்து பாஸ் செய்வார். அப்புறம் கேஷியர் கூண்டுக்குப் போகும். டோக்கன் நம்பரைக் கூப்பிடும்வரை நாங்கள் பெஞ்சில். பின்னால் கம்ப்யூட்டர் வந்ததும் சில இடங்களில் இதே மூன்று மேசைகளிலும் திரையை வைத்தார்கள். பெஞ்சில் காத்திருப்பது குறையவில்லை. ஒற்றைச் சாளரம் என்று, குறிப்பிட்ட தொகை வரை கவுன்ட்டரில் இருப்பவரே பார்த்து அவரே கொடுக்கலாம் என்று அதிகாரத்தை மாற்றிய பிறகுதான் டோக்கன் பெட்டிக்குள் போனது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு கூடுதல் கைக்கும் பின்னால் ஒரு பழைய பயம் இருக்கிறது. என்றோ ஒரு கேஷியர் ஏமாற்றியிருப்பார், அதனால் ஆபீசர் கையெழுத்து வந்தது. என்றோ ஒரு டிரைவர் இரண்டு பெட்டியைக் குறைத்து இறக்கியிருப்பார், அதனால் கேட்டில் இன்னொரு சீட்டு வந்தது. ஏமாற்றியவர் போய்ச் சேர்ந்திருப்பார், சீட்டு மட்டும் நிற்கும். அந்த பயம் இன்னும் நியாயமானதா, நியாயமென்றால் அதைத் தடுக்க வேறு மலிவான வழி உண்டா என்று பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல ஆலோசகர். சீட்டைக் கிழிப்பது சுலபம். பயத்துக்குப் பதில் சொல்லாமல் கிழித்தால் ஆறு மாதத்தில் அதே சீட்டு வேறு நிறத்தில் திரும்பி வரும்.

நகரத்தார் கடல் கடந்து வட்டித் தொழில் செய்து கொண்டுவிற்ற காலத்தில் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார்கள். முதலாளி இங்கே செட்டிநாட்டு வீட்டில், கடை பர்மாவில். கடையை நடத்தும் மேலாள் மூன்று வருடத் தவணைக்குக் கப்பலேறுவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். யாருக்குக் கடன் கொடுப்பது, எவ்வளவு, எந்த ஈட்டின் மேல் என்பதெல்லாம் அங்கே இருப்பவர் முடிவு. ஒவ்வொன்றுக்கும் கடிதம் போட்டு உத்தரவு கேட்டுக் காத்திருந்தால் தொழில் நடந்திருக்குமா? கணக்கு மட்டும் தவறாமல் ஊருக்கு வந்தது. கடைசியில் ஐந்தொகை, அதாவது வரவு செலவு முடிவுக் கணக்கு, பார்க்கும்போது எல்லாம் தெரிந்துவிடும். எதைத் தாண்டக்கூடாது என்று முன்பே சொல்லிவிட்டு, நடுவில் கையைப் பிடிக்காமல் விட்டு, பின்னால் கறாராகப் பார்ப்பது. போர்டு செய்ததும் இதன் ஒரு வகைதான்.

இப்போது உங்கள் பட்டறைக்கு வருகிறேன். நேரில் பார்க்காமல் சொல்கிறேன், ஆனால் ஆத்தங்குடிக் கல் அடிப்பதைப் பல தடவை நின்று பார்த்தவன். கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சை இறக்கி, வண்ணச் சாந்தைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு அமுக்கி, வெயிலில் காயவைத்து, தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, திரும்ப எடுத்துக் காயவைக்க வேண்டும். பளபளப்பு கண்ணாடி தருவது. சூளையும் இல்லை, பாலிஷும் இல்லை. இதில் வெயிலையும் தண்ணீரையும் எந்த ஆலோசகரும் மறுவடிவமைப்புச் செய்ய முடியாது. ஊறும் நாளைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். வீட்டுக்காரர் தரையில் வெடிப்பு விழும்போது அவர் இருக்கமாட்டார்.

அப்படியானால் நாட்கள் எங்கே போகின்றன? கடைசியாக முடித்த இருபது ஆர்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து தேதி எழுதுங்கள்: வாடிக்கையாளர் முதலில் போன் செய்த நாள், டிசைனும் வண்ணமும் முடிவான நாள், முன்பணம் வந்த நாள், முதல் கல் அடித்த நாள், லாரி ஏற்றிய நாள். வாட்ஸாப்பையும் பில் புத்தகத்தையும் புரட்டினால் பாதி கிடைக்கும், மீதியை உங்கள் கணக்குப்பிள்ளை மனசில் வைத்திருப்பார். எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் முதல் கல் அடிப்பதற்கு முன்பே பாதி நாள் கரைந்திருக்கும். சிங்கப்பூரில் இருக்கிற வீட்டுக்காரருக்குப் போட்டோ போகும், திரையில் சிவப்பு வேறு மாதிரித் தெரியும், மாதிரிக் கல் அனுப்புங்கள் என்பார், அது கூரியரில் போகும், அவருடைய அண்ணனுக்குப் பிடிக்காது. அதற்குள் இன்னொரு ஆர்டரை இழுத்துப் போட்டிருப்பீர்கள். அவர் சரி என்று சொல்லும்போது கல் அடிக்கும் மேடை காலியாக இருக்காது.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்தது, பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். கையில் நிற்கிற வேலையை ஒரு நாளைக்கு முடிகிற வேலையால் வகுத்தால் சராசரியாகக் காத்திருக்கும் நாள் வந்துவிடும். ஒரு பேச்சுக்கு, 9,000 கல்லுக்கு ஆர்டர் நிற்கிறது, நாளைக்கு 300 கல் அடிக்கிறீர்கள் என்றால், புதிதாக வருகிறவர் 30 நாள் காத்திருந்துதான் ஆக வேண்டும். கையாட்களைத் திட்டி ஒரு பயனும் இல்லை. அடிக்கிற எண்ணிக்கையைக் கூட்டலாம்; அல்லது முடிவாகாத ஆர்டரை வரிசையில் நிற்கவிடாமல் வெளியே வைக்கலாம். இரண்டாவதற்குச் செலவே இல்லை. டிசைன் முடிவாகி முன்பணம் வந்த ஆர்டருக்கு மட்டும்தான் மேடையில் தேதி என்று ஒரு கரும்பலகையில் எழுதிப் போட்டாலே கண்கூடாக மாறும். வண்ண விஷயத்துக்கு ஒரு மாதிரிப் பெட்டி: நீங்கள் அடிக்கிற வண்ணங்கள் எல்லாம் சின்னச் சின்னக் கல்லாக, எண் போட்டு, சென்னையிலும் வெளியூரிலும் இருக்கிற கட்டடக் கலைஞர்கள் கையில் முன்பே இருந்தால் கூரியர் ஒரு சுற்றுக் குறையும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். குடும்பத் தொழிலில் எங்கே போனாலும் நான் பார்த்தது, அதிக நாள் காகிதம் தூங்குகிற இடம் முதலாளி மேசைதான். விலை சொல்ல அவர் வேண்டும், வண்ணத்துக்கான ஆக்சைடு பொடி வாங்க அவர் வேண்டும், லாரி வாடகை பேச அவர் வேண்டும். அவர் மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனால் பட்டறை மூன்று நாள் நிற்கும். இவ்வளவு ரூபாய் வரை மேஸ்திரியே வாங்கலாம், மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பேன் என்று ஒரு எல்லை போட்டுவிடுங்கள். மேலாளை பர்மாவுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கின ஊர் இது. மேஸ்திரியைக் காரைக்குடி கடைக்கு அனுப்ப யோசிக்கலாமா?

மைத்துனர் அலுவலகத்துக் கதை வேறு. வெளியில் இருப்பவர்கள் அரசு அலுவலகத்தில் முறையே இல்லை என்று நினைக்கிறார்கள். முறை அங்கே அளவுக்கு மேலேயே உண்டு. தபால் வந்ததும் ந.க. எண் என்கிற கோப்பு எண்ணைப் போடுவது, பிரிவு எழுத்தர் தன் பதிவேட்டில் ஏற்றுவது, கோப்பு எங்கே போனது, எப்போது திரும்பியது என்று குறிப்பது, முடிந்ததை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று ஓ.மு., மூ.மு., ப.மு. (ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு) என வகைபிரிப்பது, இதெல்லாம் சென்னை மாகாண காலத்தில் வந்த டாட்டன்ஹாம் முறையின் வழிவந்தவை. அதன் காலத்தில் அதுவே ஒரு அருமையான மறுவடிவமைப்பு. தாள் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல முறை கையெழுத்துக் காலத்தில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மைத்துனரிடம் சொல்லுங்கள்: ஆலோசகர் ஸ்டாப்வாட்சோடு வந்து நிற்கத் தேவையில்லை. தன் பதிவேட்டில் ஒரு வருடத்துக் கோப்புகளை எடுத்தால் ஒவ்வொன்றும் எந்த மேசையில் எத்தனை நாள் என்பது எழுதியே இருக்கிறது. கோப்பைக் கம்ப்யூட்டரிலேயே நகர்த்துகிற இ-ஆபீஸ் வந்த இடத்தில் இன்னும் சுலபம். அதைக் கேட்காமல் ஊழியர்களுக்குக் கேள்வித்தாள் கொடுக்கிற ஆலோசகருக்கு அரசு அலுவலகம் தெரியாது.

பொது அலுவலகத்தில் எது கை வைக்கக்கூடியது, எது கூடாது என்று பிரிப்பதில்தான் பாதி வேலை. ஒவ்வொரு படிக்கும் ஒரே கேள்வி: "இது எங்கே எழுதியிருக்கிறது?" சட்டத்தில் இருந்தால் சட்டமன்றம் போக வேண்டும், ஆலோசகரால் ஆகாது. விதியில் இருந்தால் அரசிதழில் திருத்தம் வர வேண்டும். அரசாணை என்றால் துறைச் செயலகம். சுற்றறிக்கை என்றால் துறைத்தலைவர் நினைத்தால் போதும். கடைசியில் ஒரு வகை இருக்கிறது: எங்கேயும் எழுதியிருக்காது. "எப்பவும் இப்படித்தான் சார் செய்வோம்." எனக்கு வாய்த்த அலுவலகங்களில் மக்களை அதிகமாக அலையவிட்ட படிகள் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று நகல் கேட்பார்கள், இரண்டு எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஓர் அலுவலகத்தில் தேடிப் பார்த்தோம். இரண்டாவது நகல் எப்போதோ மூடிவிட்ட ஒரு பிரிவுக்கானது.

நம் பக்கத்துக்கே உரிய உதாரணம் சொத்து வரிப் பெயர் மாற்றம். கொப்பனாபட்டியோ கானாடுகாத்தானோ, ஒரு வளவு வீட்டுக்கு எத்தனை பங்காளிகள் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் பேசுவதே இல்லை. வாரிசுச் சான்றும் எல்லோர் சம்மதமும் வராமல் பெயர் மாறாது. "90 நாள் ஆகிறது" என்று அலுவலகத்தைத் திட்டுகிற கணக்கில் இந்தக் குடும்பத் தாமதமும் சேர்ந்திருக்கும். நல்ல ஆலோசகர் கடிகாரத்தை இரண்டாகப் பிரிப்பார்: தாள் அலுவலகத்துக்குள் இருந்த நாள், விண்ணப்பித்தவர் கையில் இருந்த நாள். இரண்டாவது அதிகமாக இருந்தால் உள்ளே மேசைகளை மாற்றி என்ன பயன்? என்னென்ன தாள் வேண்டும் என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லாததால்தான் மனிதர்கள் நான்கு தடவை வருகிறார்கள். நூறு விண்ணப்பத்தில் எத்தனை முதல் தடவையே முழுமையாக வருகிறது என்ற ஒரே எண்ணை மாதாமாதம் பார்த்தாலே போதும், நிறைய விஷயம் வெளியே வரும்.

அரசில் நடக்காது என்று சொல்பவர்களுக்கு இரண்டு உதாரணம் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் எல்லோருக்கும் தெரிந்தது. 2010-ல் சோதனையாகத் தொடங்கிய சேவா மையங்களில் தாள் வாங்கிப் போட்டோ, கைரேகை எடுப்பது டி.சி.எஸ். என்கிற தனியார் கம்பெனி ஆட்கள், சரிபார்ப்பதும் முடிவு செய்வதும் அரசு அதிகாரிகள். ஏ, பி, சி என்று மூன்று கவுன்ட்டரும் ஒரே கூடத்தில். முன்பு கோப்பு மேசை மேசையாகப் போகும், நாம் வெளியே இருப்போம். இப்போது கோப்போடு நாமும் நடக்கிறோம், குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். போலீஸ் விசாரணை மட்டும் இன்னொரு துறையின் வேலையாக வெளியே நிற்கிறது. நாள் போவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டாவது, எனக்கு இன்னும் பிடித்தது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1994-ல் அமைத்தது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை ஒரே இடத்தில் மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளில் வைப்பார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் இவ்வளவு ரூபாய் என்று ஒதுக்கீடு. அந்த எல்லைக்குள் தனக்கு வேண்டிய மருந்தை வேண்டிய நேரத்தில் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், எடுத்தது கழிந்துகொண்டே வரும். கிடங்குக்கு வருகிற மருந்தின் மாதிரி தயாரிப்பாளர் பெயர் தெரியாதபடி வெளி ஆய்வகத்துக்குப் போகும், தேறினால்தான் விநியோகம். ஒவ்வொரு பாட்டிலுக்கும் அனுமதி கேட்பதற்குப் பதில் ஓர் எல்லை, ஒரு பதிவு, ஒரு சோதனை. கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே வழியில் தங்கள் கழகங்களை அமைத்தன. சாப்ட்வேர் இதில் உண்டு, ஆனால் பாஸ்புக் என்கிற யோசனைதான் உயிர். எல்லையும் கணக்கும் என்கிற நம் பெட்டியடி ஏற்பாட்டின் வாசனை எனக்கு இதில் அடிக்கிறது. இது என் ஊர்ப்பாசம், விட்டுவிடுங்கள்.

சரி, தனியாருக்கும் அரசுக்கும் எங்கே பிரிகிறது? நீங்கள் நல்ல வாடிக்கையாளருக்கு முதலில் கல் கொடுக்கலாம், யாரும் கேட்க முடியாது. மைத்துனர் ஒருவரை வரிசையில் முன்னால் விட்டால் அதற்குப் பெயர் வேறு. அரசில் வரிசையே நியாயம். தட்கல் மாதிரி, கூடுதல் கட்டணம் என்று வெளிப்படையாக எழுதிப் போட்டால்தான் வேகத்தை விற்கலாம். அடுத்தது, நீங்கள் இருபது வருடம் அதே நாற்காலியில் இருப்பீர்கள். அவர் அலுவலகத்து ஆணையர் எப்போது மாறுதலாவார் என்று சொல்ல முடியாது. அவர் மாறும்போது பாதியில் நிற்கும் திட்டம் அலமாரியில் போகும். ஆகவே அரசில் எந்த மாற்றமும் ஓர் அதிகாரியின் காலத்துக்குள் முடிகிற துண்டாக இருக்க வேண்டும். மூன்றாவது, தணிக்கை. ஒரு கையெழுத்தை எடுத்தால் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் கேள்வி வரும் என்கிற பயம் எழுத்தர்களுக்கு உண்மையிலேயே உண்டு, ஏனென்றால் பதில் சொல்லப்போவது அவர்கள்தான். வேலை முடிந்த பிறகு தணிக்கையாளரிடம் காட்டாதீர்கள். முதல் வாரமே அவரை உட்கார வைத்து, "இந்தப் படி போனால் உங்களுக்கு எது இல்லாமல் போகும்?" என்று கேட்க வேண்டும். நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடங்களில் இது ஒன்று.

இன்னொரு பாடம் இதைவிட விலை அதிகம். நம் பக்கத்து ஊர் ஒன்றில் பெரிய பாத்திரக் கடை. வெண்கலம், எவர்சில்வர், சீர் சாமான் எல்லாம். பில்லிங், ஸ்டாக், கொள்முதல் எல்லாவற்றையும் நான்தான் மாற்றியமைத்தேன். அங்கே எழுபது வயதுக் கணக்குப்பிள்ளை ஒருவர் ஒரு நீளச் சிட்டையில் தினமும் ஏதோ எழுதுவார். விற்பனை விவரம் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது, இது இரட்டைப் பதிவு என்று நான் வரைந்த பாதைப் படத்தில் சிவப்பு மையால் அடித்தேன். முதலாளியும் சரி என்றார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, சிட்டையை மூடி வைத்துவிட்டார். அடுத்த முகூர்த்தக் காலத்தில் கடையில் பெரிய அடுக்குகளும் தவலைகளும் தட்டுப்பாடு. விசாரித்தால், எந்த வீட்டில் பெண்ணுக்குப் பேசுகிறார்கள், எந்த வீட்டு ஐயாவுக்கு அறுபதாம் ஆண்டு சாந்தி வருகிறது, எந்த வீட்டில் பிள்ளை கூட்டி (தத்தெடுத்து) வந்திருக்கிறார்கள் என்று வாடிக்கையாளர் பேச்சில் காதில் விழுந்ததையெல்லாம் அவர் சிட்டை ஓரத்தில் குறித்து வந்திருக்கிறார். கொள்முதல் அதை வைத்துத்தான் நடந்திருக்கிறது. நான் பில் எண்ணையும் தொகையையும் பார்த்தேன், ஓரத்தைப் பார்க்கவில்லை. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லையே தம்பி" என்றார்.

ஹாமரும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்தார். 1996-ல், தன் பொறியியல் புத்தி காரணமாக மனிதர்கள் பக்கத்தைப் போதுமான அளவு கவனிக்கவில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அதற்குள் அமெரிக்காவில் இந்தப் பெயரே ஆட்குறைப்புக்கு இன்னொரு சொல்லாகிவிட்டிருந்தது. ஆலோசகர்கள் '70 சதவீதம் தோல்வி' என்று ஓர் எண்ணைச் சொல்லி, தங்களால் மட்டும்தான் தப்பிக்க முடியும் என்பார்கள். ஹாமரும் அவர் கூட்டாளி சாம்பியும் 1993-ல் 50 முதல் 70 சதவீத முயற்சிகள் எதிர்பார்த்த பெரிய பலனைத் தரவில்லை என்று சொன்னது அவர்களுடைய மதிப்பீடு. அளந்து எடுத்த கணக்கு இல்லை. அதை வைத்து உங்களை யாரும் பயமுறுத்த வேண்டாம்.

பண விஷயம். உங்களுக்கு: முதலில் நோய் கண்டுபிடிக்கிற கட்டத்துக்கு மட்டும் தனியாக ஒரு தொகை, நான்கைந்து வாரம். அதன் முடிவில் தடித்த அறிக்கை வேண்டாம், அந்த இருபது ஆர்டர் தேதிகளும் ஒரு பெரிய தாளில் வரைந்த பாதையும் போதும். அது சரியாகப் பட்டால் அடுத்த கட்டம். சேமிப்பில் சதவீதம் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சேமிப்பு எது என்று கணக்குப் போடுவதிலேயே உறவு முறிந்துவிடும். பேச வந்தவரே வேலைக்கும் வருவாரா, இல்லை படித்து முடித்த இரண்டு பிள்ளைகளை அனுப்புவாரா என்று எழுதி வாங்குங்கள். அவருக்கு ஏதாவது சாப்ட்வேர் கம்பெனியில் கமிஷன் உண்டா என்றும் முகத்துக்கு நேராகக் கேளுங்கள். சங்கடப்படாதீர்கள், நியாயமானவர் சங்கடப்படமாட்டார்.

மைத்துனருக்கு வேறு வழி. அவர் யாரையும் கூப்பிட்டுப் பேசி முடித்துவிட முடியாது. 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் இருக்கிறது, முறைப்படிதான் போக வேண்டும். அங்கே வழக்கமான கோளாறு, என்ன வேண்டும் என்று எழுதுவதில் நடப்பது. "நடைமுறைகளை ஆய்ந்து அறிக்கை அளித்தல்" என்று எழுதினால் அறிக்கைதான் வரும். அறிக்கைக்குப் பணமும் போகும், அத்தோடு முடிந்தது. பெயர் மாற்றம், கட்டட அனுமதி, குடிநீர் இணைப்பு என்று மூன்றே சேவையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, புதிய முறை இரண்டு மாதம் உண்மையில் நடந்த பிறகே கடைசித் தவணை என்று நிபந்தனையில் எழுதச் சொல்லுங்கள். விலையை மட்டும் பார்த்துக் குறைந்தவருக்குக் கொடுத்தால் வேறொரு ஊரின் அறிக்கையில் ஊர்ப்பெயரை மாற்றிக் கொண்டுவருவார். தகுதி ஓர் உறையிலும் விலை இன்னொன்றிலும் வருகிற இரண்டு உறை முறையில் அனுபவத்தைத் தனியாக மதிப்பிட வழி இருக்கிறது. முடிந்தால் முதலில் ஆலோசகரே இல்லாமல், அந்த 'எங்கேயும் எழுதாத' படிகளை மட்டும் அலுவலகமே உட்கார்ந்து எடுத்துப் பார்க்கட்டும். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அப்படியானால் ஒரே ஆலோசகர் இரண்டுக்கும் போதுமா? பாதையை வரையும் கை ஒன்றாக இருக்கலாம். ஆனால் விதிப் புத்தகம் படிக்காதவர் மைத்துனருக்கு உதவமாட்டார், மேடை ஓரத்தில் நின்று கல் அடிப்பதைப் பார்க்காதவர் உங்களுக்கு உதவமாட்டார். இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் சென்னை ஆலோசகர் அடுத்த தடவை வரும்போது ஆபீஸ் அறையில் உட்கார வைத்து லேப்டாப்பைத் திறக்க விடாதீர்கள். நேராகக் கண்ணாடி துடைக்கிற அம்மாவிடம் கூட்டிப்போய் விடுங்கள். எந்த ஆர்டர் நின்றுபோனது, எந்த அச்சு உடைந்து கிடக்கிறது என்று அந்த அம்மாவுக்குத்தான் முதலில் தெரியும். ஆலோசகர் அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார், என்ன கேட்கிறார் என்று தள்ளி நின்று பாருங்கள். விலைப்புள்ளி கொடுத்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இருபது ஆர்டர் தேதிகளையும் கூடவே வையுங்கள், சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.